நித்தியகல்யாணி வந்த வழி

பங்குனி கழிந்து சித்திரை பிறந்துவிட்டால் தில்லி மாநகரத் தோட்டங்களின் கோலம் ஒரு வாரத்திலே கலைந்துவிடும். மார்கழியிலும் தையிலும் கண்ணைப் பறித்த டேலியாவும் பான்சியும் வாடிச் சருகாகும். வைகாசியில் மேற்கிலிருந்து 'லூ' என்னும் அனற்காற்று வீசத் தொடங்கும். வெப்பமானி 45 டிகிரியை எட்டிப் பார்க்கும் நண்பகலில் தெருவில் நாயும் நடமாடாது. அந்த வேளையில் சாளரத் திரையை விலக்கி வெளியே நோக்கினால், என் குடியிருப்பின் முன்னுள்ள நான்கடிப் பாத்தியில் ஒரு செடி மட்டும் இளஞ்சிவப்பும் வெண்மையுமாகச் சிரித்துக்கொண்டிருக்கும். இதழ் சுருங்குவதில்லை, தலை கவிழ்வதுமில்லை. வெயில் ஏற ஏற அதற்கு உற்சாகமும் ஏறுகிறதோ என்று தோன்றும்.

அச்செடியை எனக்குத் தந்தவர் அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையார். 'சதாபஹார்' என்று அதற்குப் பெயர் சொன்னார். எப்போதும் வசந்தம் என்பது பொருள். சென்ற ஆண்டு திருநெல்வேலிச் சீமையிலிருந்து என் தாயார் வந்திருந்தார்கள். பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே பாத்தியைப் பார்த்துவிட்டு, "சுடுகாட்டு மல்லியை யாராவது வீட்டு வாசலில் வைப்பார்களா, ஐயா?" என்று முகம் சுளித்தார்கள். ஒரே செடி, வேலிக்கு அந்தப் பக்கம் வசந்தம், இந்தப் பக்கம் சுடுகாடு!

மத்திய சர்க்கார் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிபவன் நான். ஒரு சொல்லுக்கு ஈடாக இன்னொரு சொல்லைத் தேடுவதே என் பிழைப்பு. ஆகவே ஒரு பூவுக்கு இத்தனை முரணான பெயர்கள் எப்படி வந்தன என்ற கேள்வி என்னை விடாமல் பற்றிக்கொண்டது. அதன் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். வெயிலை விரும்பும் ஓர் எளிய செடி மூன்று கண்டங்களைச் சுற்றி வந்த கதை கிடைத்தது. அதைத்தான் இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்கள் இச்செடியைப் பல பெயர்களால் கேட்டிருப்பார்கள். மராத்தியர் 'சதாஃபுலி' என்பர். எப்போதும் பூப்பது என்று பொருள். குஜராத்தியர் 'பாரமாசி' என்பர். பன்னிரண்டு மாதமும் உள்ளது என்று பொருள். வங்காளியர் வைத்த பெயர் 'நயனதாரா', அதாவது கண்ணின் மணி. ஐந்து இதழ்களுக்கு நடுவே செந்நிறப் பொட்டொன்று விழித்துப் பார்ப்பதைக் கண்டவர் வைத்த பெயர் அது. தெலுங்கர் 'பில்லகன்னேரு' என்பர். கன்னேரு என்றால் அரளி. பில்ல என்றால் வில்லை. வில்லை போன்ற பூவுடைய அரளி என்று அதனைக் கொண்டனர். தாவர நூலோர் இச்செடியை அரளியின் குடும்பத்திலேயே சேர்த்திருக்கின்றனர் என்பதை நோக்க, ஆந்திரக் கிராமத்தாரின் கூரிய பார்வையை வியவாமல் இருக்க முடியவில்லை. மலையாள நாட்டிலோ 'உஷமலரி' என்ற அழகிய பெயரும் உண்டு. பிணநாற்றத்தைச் சுட்டும் 'சவம்நாறி' என்ற பெயரும் உண்டு. நம் தமிழிலும் அவ்வாறே. பூசைக்குப் பறிப்பவர் நித்தியகல்யாணி என்றனர். மயானத்தில் கண்டவர் சுடுகாட்டு மல்லி என்றனர்.

மங்கலமும் அமங்கலமும் ஒரே செடிக்கு வாய்த்தது ஏன்? காரணம் எளிது. நீர் ஊற்றுவாரில்லாத இடத்திலும், நிழலில்லாத மணலிலும் இது பிழைக்கும். ஆடு மாடுகள் இதனை வாயில் வைப்பதில்லை. தண்டைக் கிள்ளினால் கசியும் பால் அத்தனை கசப்பு. பிற செடிகளெல்லாம் மேய்ச்சலுக்கும் வறட்சிக்கும் இரையாகிவிட, எவரும் பேணாத இடுகாட்டில் இது மட்டும் எஞ்சி நின்றது. எஞ்சி நின்றதைக் கண்ட மக்கள் இதனைச் சாவோடு சேர்த்துப் பேசினர். அதே குணத்தை வீட்டு முற்றத்தில் கண்டவரோ, வாடாத மங்கலம் என்று கொண்டாடினர். பெயர்கள் இரண்டும் ஒரே குணத்திலிருந்து பிறந்தவை. அந்தக் கசப்பில் வேறொரு பொருளும் ஒளிந்திருந்தது என்பது மட்டும் இரு சாராருக்கும் தெரியாது.

இத்தனை பெயர்களைச் சூடி நம்மிடையே உலவும் இச்செடி இந்நாட்டுச் செடியன்று. கோடையிலே பூக்கும் நம் தோட்டச் செடிகளுள் பல இத்தகையனவே. வேலியெங்கும் படரும் காகிதப்பூவை, பூகன்வில் என்னும் பிரெஞ்சுத் தளபதியின் உலகப் பயணத்தில் உடன் சென்ற தாவர அறிஞர் கொமெர்சன், 1767-இல் பிரேஸில் நாட்டு ரியோ டி ஜெனிரோ துறைமுகத்தில் கண்டெடுத்தார். தளபதியின் பெயரே அக்கொடிக்கும் நிலைத்தது. கோயில் முற்றங்களில் கிளை விரித்து நிற்கும் ஈழத்தலரியின் தாயகம் மெக்ஸிகோவும் மத்திய அமெரிக்காவும். கல்வாழையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. நித்தியகல்யாணி மட்டும் நமக்குச் சற்று அருகிலிருந்து வந்தது. இந்துமாக்கடலின் மறுகரையில், ஆப்பிரிக்காவை ஒட்டிக் கிடக்கும் மடகாஸ்கர் தீவே அதன் பிறந்தகம்.

இச்செடியின் பேரினத்தில் எட்டு இனங்கள் உண்டு எனத் தாவர நூலோர் பலர் கொள்வர். அவற்றுள் ஏழு மடகாஸ்கரைத் தவிர வேறெங்கும் இயற்கையாக விளைவதில்லை. எட்டாவது இனம் மட்டும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. நம் வயல்வெளிகளில் களையாக முளைக்கும் வெண்ணிறச் சிறுபூச் செடி அது. ஆகவே நித்தியகல்யாணி இங்கு வந்து சேர்ந்தபோது, எவரும் கண்டுகொள்ளாத ஏழை உறவினர் ஒருவர் ஏற்கெனவே இம்மண்ணில் இருந்தார் என்று சொல்லலாம்.

மடகாஸ்கரில் பிரெஞ்சுக் குடியேற்றத்தை ஆண்ட ஃபிளாகூர் என்பவர் 1658-இல் வெளியிட்ட அத்தீவின் சரித்திர நூலில் இச்செடியைக் குறிப்பிட்டார். அடுத்த நூற்றாண்டில் விதைகள் பாரிஸிலுள்ள அரச தோட்டத்திற்குச் சென்றன. அங்கிருந்து லண்டன் நகரின் செல்சி மருந்துத் தோட்டத்திற்குச் சென்றன. மருந்து வணிகர் சங்கத்தார் 1673-இல் நிறுவிய தோட்டம் அது. அதன் தலைமைத் தோட்டக்காரர் பிலிப் மில்லர் கண்ணாடி மனையிலே இச்செடியை வளர்த்துப் பூக்கச் செய்து, தம் சித்திர நூலிலும் இடம் கொடுத்தார். 1759-இல் ஸ்வீடன் நாட்டுத் தாவர மேதை லின்னேயஸ் 'வின்கா ரோசியா' என்று அதற்குப் பெயர் சூட்டினார். ஐரோப்பியக் காடுகளில் நிழலிலே படரும் வின்கா என்னும் கொடியோடு இதனைச் சேர்த்தெண்ணியதால் விளைந்த பெயர் அது. வெயிலுக்குரியதை நிழலுக்குரியதோடு சேர்த்த பிழை பின்னர் திருத்தப்பட்டது. 1837-இல் ஜார்ஜ் டான் என்பவர் 'கதராந்தஸ் ரோசியஸ்' என்ற பெயரை அமைத்தார். கிரேக்க மொழியில் அதற்குத் தூய மலர் என்று பொருள். ஆனாலும் பழைய வின்கா என்ற பெயர் இன்றும் விதைக்கடைகளில் வழங்கி வருகிறது. ஒருமுறை நிலைத்த மொழிபெயர்ப்புப் பிழையை அழிப்பது எவ்வளவு கடினம் என்பதை என் தொழிலைச் சேர்ந்தவர்கள் நன்கறிவார்கள்.

ஐரோப்பியருக்கு அது கண்ணாடி மனையில் பொத்தி வளர்க்க வேண்டிய அருமைப் பொருள். வெப்ப நாடுகளுக்கோ அது தடையின்றிப் பரவிய செல்வம். கப்பல் சென்ற துறைமுகங்களிலெல்லாம் கரையேறி, தோட்டத்திலிருந்து தப்பி, கடற்கரை மணலிலும் சாலையோரத்திலும் குடிபுகுந்தது. இந்தியாவிலும், மேற்கிந்தியத் தீவுகளிலும், பிலிப்பைன்ஸிலும், தென்னாப்பிரிக்காவிலும் அது உள்நாட்டுச் செடியாகவே கருதப்பட்டது. அங்கங்கே வாழ்ந்த மக்கள் அதனை வீட்டு வைத்தியத்திலும் சேர்த்துக்கொண்டனர்.

அவ்வாறு பல நாடுகளில் தனித்தனியே எழுந்த நம்பிக்கை ஒன்றுண்டு. இதன் இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் நீரிழிவு தணியும் என்பதே அது. நம் நாட்டிலும் அந்நம்பிக்கை இன்றளவும் உண்டு. நாகபுரியில் ரயில்வேப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற என் தாய்மாமா அதில் உறுதியாக இருந்தார். நாள்தோறும் விடியற்காலையில் ஐந்து இலையை மென்று தின்றார். நாக்கு கசந்ததால் நோயும் கசந்து ஓடும் என்று எண்ணி, வைத்தியர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டார். எங்களில் எவருக்கும் அவர் அதைச் சொல்லவில்லை. எட்டாம் மாதம் காலில் ஏற்பட்ட சிறு புண் ஆறாமல் அழுகி, இரண்டு விரல்களை எடுக்க நேர்ந்தது. "பூவின் மேல் பழி போடாதே, என் பிடிவாதத்தின் மேல் போடு" என்று படுக்கையிலிருந்தபடியே சொன்னார். அந்த இலைக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்று அறியும் ஆவல் எனக்கு அன்றே பிறந்தது. அதற்கு விடை காண நாம் கானடா தேசத்திற்குச் செல்ல வேண்டும்.

1921-ஆம் ஆண்டுக் கோடையில் டொராண்டோ நகரில் பாண்டிங் என்னும் இளம் மருத்துவர் நீரிழிவு நோய்க்கு மருந்து தேடும் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவருக்கு உதவியாளராக இருக்க இரண்டு மாணவர்கள் முன்வந்தனர்: ஒருவர் சார்லஸ் பெஸ்ட், மற்றவர் கிளார்க் நோபிள். யார் முதலில் சேர்வது என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்தார்கள் என்பது பிரசித்தமான செய்தி. பெஸ்ட் வென்றார். அந்தக் கோடையில் கிடைத்த இன்சுலினோடு அவர் பெயரும் உலகெங்கும் பரவிற்று. கிளார்க் நோபிள் சாதாரண மருத்துவராகத் தொழில் நடத்தி வந்தார்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1952-இல், அவருக்கு ஜமெய்க்காத் தீவிலிருந்து ஓர் உறை வந்தது. அதற்குள் இருந்தவை நித்தியகல்யாணி இலைகள் இருபத்தைந்து. அங்குள்ள மக்கள் நீரிழிவுக்கு இந்தக் கஷாயத்தைக் குடிக்கிறார்கள், இதில் ஏதேனும் பயன் உண்டா என்று பாருங்கள் என்பது செய்தி. கிளார்க் அவ்வுறையைத் தம் சகோதரர் ராபர்ட் நோபிளுக்கு அனுப்பினார். ராபர்ட் அப்போது மேற்கு ஒண்டாரியோப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆராய்ச்சிக் கூடத்தில் பணிபுரிந்தார். அக்கூடமோ, இன்சுலினை முதன்முதலில் தூய்மைப்படுத்தித் தந்த காலிப் என்பவரின் பெயரைத் தாங்கியது. நாணயம் சுண்டியதில் தோற்ற குடும்பத்திற்கு நீரிழிவு ஆராய்ச்சி மறுபடியும் ஒரு வாசலைத் திறந்ததுபோல் இருந்தது.

ஆனால் அவ்வாசல் வேறொரு வீட்டுக்குள் சென்றது. இலைச்சாற்றை எலிகளுக்குப் புகட்டினார்கள். இரத்தத்தில் சர்க்கரை குறையவே இல்லை. வாய்வழி கொடுப்பது பயனற்றதோ என்று ஊசி வழியே செலுத்தினார்கள். எலிகள் ஒரு வாரத்திற்குள் நோய்க்கிருமிகள் தாக்கி மடிந்தன. தோல்வி என்று குப்பையில் எறிந்திருக்கலாம். ராபர்ட் நோபிள் எறியவில்லை. எலிகள் ஏன் மடிந்தன என்று கேட்டார். இரத்தத்தைச் சோதித்தபோது, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் பெரிதும் குறைந்திருக்கக் கண்டார். எலும்பின் மஜ்ஜையில் அவ்வணுக்கள் பெருகுவதை இலையிலுள்ள ஏதோ ஒரு பொருள் தடுத்திருக்கிறது! வெள்ளணுக்கள் அளவின்றிப் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்? நல்ல எலிக்கு நஞ்சானது அந்நோயாளிக்கு மருந்தாகக் கூடாதா?

இங்கிலாந்திலிருந்து வந்த சார்லஸ் பியர் என்னும் ரசாயன அறிஞர் 1954-இல் அவரோடு சேர்ந்தார். பெருமளவு இலையிலிருந்து அணுவளவே கிடைக்கும் அப்பொருளைப் பிரித்தெடுக்க இருவரும் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். 1958-இல் தங்கள் முடிவை நியூயார்க் விஞ்ஞானக் கழகத்தில் வெளியிட்டார்கள். இன்று வின்பிளாஸ்டின் என்று வழங்கும் மருந்து அதுவே. தற்செயலாகக் கண்டவற்றின் பங்கு என்பதைத் தங்கள் கட்டுரையின் தலைப்பிலேயே அவர்கள் வெளிப்படையாகக் குறித்தார்கள். ஆராய்ச்சியாளரிடம் காணத்தக்க அடக்கம் அதுவன்றோ?

அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி மருந்து நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்வபோதா முதலியோரும் இதே செடியை ஆராய்ந்து வந்தனர். அவர்களும் நீரிழிவுக் கஷாயத்தின் புகழைக் கேட்டே தொடங்கியவர்கள். வின்பிளாஸ்டினுக்கு உடன்பிறப்பான வின்கிரிஸ்டின் என்னும் பொருளை அவர்கள் பிரித்தெடுத்தனர். 1963-இல் அமெரிக்க அரசு அம்மருந்தை அங்கீகரித்தது. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, அதனுள்ளே நுண்ணிழைகள் தோன்றி மரபுப் பொருளை இருபுறமும் இழுத்துப் பங்கிடும். வின்கிரிஸ்டின் அவ்விழைகளை உருவாக விடாது. ஓயாமல் பிரியும் புற்றணுக்கள் அதனால் பாதிவழியில் நின்று மடிகின்றன.

இதன் பெருமையை உணர வேண்டுமானால் அந்நாளைய நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். 1950-களில் குழந்தைகளுக்குக் கடும் இரத்தப் புற்றுநோய் கண்டால் பெற்றோர் மாதங்களை எண்ணிக்கொண்டிருப்பதுதான் வழக்கம். அப்போதிருந்த மருந்துகள் சில காலம் நோயை ஒதுக்கி வைத்தன. நோய் மீண்டும் வந்தது. 1962 முதல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தில் ஃபிரெய்ரெய்க், ஃபிரெய் முதலியோர் வின்கிரிஸ்டினோடு வேறு மூன்று மருந்துகளையும் சேர்த்து ஒரே காலத்தில் கொடுத்துப் பார்த்தனர். கூட்டு மருத்துவத்தின் பாதை அங்கிருந்து விரிந்தது. நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில் இன்று அந்நோய் கண்ட குழந்தைகளில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைக்கின்றனர். அவ்வெற்றி ஒரு மருந்தினால் மட்டும் வந்ததன்று. எனினும் அச்சிகிச்சையின் தூண்களுள் ஒன்று, நாம் சுடுகாட்டில் கண்டு ஒதுக்கிய பூச்செடி. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் இரண்டுமே இடம் பெற்றுள்ளன.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். வின்கிரிஸ்டினைப் பெரியவர்களுக்கும் ஒரு தடவையில் இரண்டு மில்லிகிராமுக்கு மேல் பெரும்பாலும் கொடுப்பதில்லை. அளவு மிஞ்சினால் நரம்புகள் கெடும். இத்தகைய வீரியமுள்ள பொருள்கள் அடங்கிய இலையைக் கண்ணளவில் கிள்ளிக் கஷாயமிடுவது எத்தனை ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. என் மாமாவின் இரண்டு விரல்களே போதிய சாட்சி.

ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை தேவைப்படும். வின்கிரிஸ்டின் இலையில் இன்னும் அரிதாகவே உள்ளது. அத்தனை இலைக்கு எங்கே போவது? மடகாஸ்கரின் தென்பகுதி மக்கள் காட்டுச் செடிகளைப் பறித்து விற்றார்கள். நம் இந்தியாவிலிருந்தும் இலையும் வேரும் பல்லாண்டுகள் கப்பலேறின. தமிழ்நாட்டில் இராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதிகளின் வானம் பார்த்த பூமியில் இச்செடி பயிராக விளைந்தது. வேறு பயிர் கைவிட்ட செம்மண்ணும் மணலும் இதற்குப் போதுமானவையாக இருந்தன. லக்னோவிலுள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிலையத்தார் 'நிர்மல்', 'தவல்' முதலிய வெண்பூ இரகங்களை உழவருக்கென உருவாக்கித் தந்தனர். நம் நாட்டு மருந்துத் தொழிற்சாலைகளும் இம்மருந்துகளைச் செய்கின்றன.

ஆயினும் செடியை மட்டுமே நம்பியிருப்பதில் இடர் உண்டு. மருந்தைச் செய்வோர் சிலரேயாக இருப்பதிலும் இடர் உண்டு. 2019-இல் அமெரிக்காவிலேயே வின்கிரிஸ்டினுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, சிகிச்சையிலிருந்த குழந்தைகளின் பெற்றோர் கலங்கினார்கள். 2022-இல் விஞ்ஞானிகள் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரின் மரபை மாற்றியமைத்து, வின்பிளாஸ்டினுக்கு வேண்டிய இரு மூலப்பொருள்களை அதனிடமிருந்தே பெற்று, அவற்றை இணைத்து மருந்தாக்கிக் காட்டினார்கள். ஒரு செடி வெயிலில் நின்று மௌனமாகச் செய்யும் வேலையைச் செய்ய மனிதனுக்கு எத்தனை படிகள் தேவைப்பட்டன என்பதை எண்ணினால் வியப்பு மேலிடுகிறது.

இந்தச் சரித்திரத்தில் மனம் உறுத்தும் பகுதியும் ஒன்றுண்டு. பூவைப் பெற்ற மடகாஸ்கருக்கு இம்மருந்தின் வருவாயில் உரிய பங்கு எதுவும் கிடைக்கவில்லை. கஷாயத்தை அறிந்திருந்த ஜமெய்க்கா மக்களுக்கும் கிடைக்கவில்லை. அந்நாளில் அப்படிக் கேட்கும் சட்டமே இருந்ததில்லை. செடி பல நாடுகளில் பரவியிருந்ததால் யாருடையது என்ற வழக்கும் சிக்கலானது. பின்னாளில் உலக நாடுகள் இத்தகைய நியாயங்களைப் பேசத் தொடங்கியபோது, நித்தியகல்யாணியையே பலரும் உதாரணமாகக் காட்டினார்கள். 1992-இல் ரியோ டி ஜெனிரோ மாநாட்டில் பல்லுயிர் உடன்படிக்கை கையெழுத்தாகத் தொடங்கிற்று. 2002-இல் இந்தியா அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. ஒரு மண்ணின் செடியையும் அம்மண்ணின் மக்கள் அறிவையும் பயன்படுத்துவோர் அவர்களுக்குப் பங்கு தர வேண்டும் என்ற கொள்கை இவ்வாறு வேரூன்றியது.

இனி, வளர்க்க விரும்பும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். நாள் முழுதும் வெயில் படும் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். நிழலில் வைத்தால் தண்டு நீண்டு பூ குறையும். மண் கொழுப்பாக இருக்க வேண்டியதில்லை. நீர் தேங்காதிருந்தால் போதும். செடி இறப்பது பெரும்பாலும் தாகத்தாலன்று, நம் அன்பு மிகுதியால்தான். நாள்தோறும் நீர் ஊற்றினால் வேர் அழுகிவிடும். ஆகவே மழை மிகுந்த பம்பாய், கல்கத்தா, கேரளக் கரைகளில் வசிப்போர் மேட்டுப் பாத்தியிலோ தொட்டியிலோ வைப்பது நலம். தில்லியிலும் வட மாநிலங்களிலும் மாசி, பங்குனியில் குளிர் நீங்கிய பின் விதைக்கலாம். விதை இருட்டில்தான் நன்கு முளைக்கும். எனவே மெல்லிய மண்ணால் மூடிவிடுங்கள். நாற்று கையகல உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வெடித்துப் புதராகும். மூன்று மாதத்திற்குள் பூக்கத் தொடங்கும். உறைபனி இல்லாத ஊர்களில் பல ஆண்டு வாழும். தில்லியின் தைக் குளிரில் இலை மஞ்சளித்துச் சோரும். அதனால் அஞ்ச வேண்டாம். இரட்டையாக விளையும் மெல்லிய காய்கள் வெடித்து விதை தானே சிந்தியிருக்கும். வெயில் திரும்பியதும் அழைக்காமலே முளைக்கும். கன்றையும் குழந்தையையும் மட்டும் இலையை வாயில் வைக்க விடாமல் காக்க வேண்டும்.

என் தாயாருக்கு இந்தச் சரித்திரம் முழுவதையும் ஒரு மாலையில் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்கள். முடிவில், "குழந்தைகளைக் காப்பாற்றுகிற செடியைப் பிடுங்கச் சொல்ல மாட்டேன், வாசலிலேயே இருக்கட்டும். ஆனால் சாமி படத்துக்கு இதிலிருந்து பறிக்க மாட்டேன்" என்று தீர்ப்பளித்தார்கள். பழைய பெயர் அத்தனை எளிதில் போய்விடுமா? ஊருக்குப் புறப்படும் நாளன்று பார்த்தால், அம்மா அந்தப் பாத்தியருகே குனிந்து, முற்றிய காய்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்தார்கள்.

நேயர்களே, உங்கள் பாத்தியிலும் இவ்வாண்டு காய் முற்றும். ஒரு பிடி விதையை மடித்து அடுத்த வீட்டாருக்குக் கொடுங்கள். அவர்கள் மொழியில் அப்பூவின் பெயர் என்ன, அப்பெயருக்குப் பொருள் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நம் மொழியில் அதற்கு இரண்டு பெயர்கள் உண்டென்று சொல்லி, இரண்டின் காரணத்தையும் எடுத்துரையுங்கள்.